கூட வேலை செய்பவர் சைக்கோபாத்தா? புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

படி 1: பட்டம் கட்டாதீர்கள்

சினிமாவில் கத்தியோடு வரும் கொலைகாரனை மறந்துவிடுங்கள். இங்கே பேச்சு சில குணங்களைப் பற்றியது: மயக்கும் பேச்சு, கூசாமல் பொய், அடுத்தவர் வலி உறைக்காமை, செய்த தப்புக்குத் துளியும் வருந்தாமை. அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி 1941-லேயே இதை விரிவாக எழுதினார். பின்னர் கனடாவின் ராபர்ட் ஹேர் 20 அம்ச அளவுகோலை உருவாக்கினார்; 40-க்கு 30 என்பது எல்லைக்கோடு. அந்த மதிப்பெண்ணைப் பயிற்சி பெற்றவர்கள்தான் போடலாம். நமக்கு நடத்தை தெரிந்தால் போதும்.

படி 2: பேச்சையும் வேலையையும் பிரித்துப் பாருங்கள்

பால் பாபியாக்கும் ஹேரும் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு 203 நிறுவன அதிகாரிகளைப் பற்றியது. ஏறக்குறைய 4 சதவீதம் பேர் அந்த எல்லைக்கோட்டைத் தொட்டார்கள். நிறுவனங்களே பயிற்சிக்குப் பொறுக்கி அனுப்பிய ஆட்கள் என்பதால், எல்லா அலுவலகத்துக்கும் இதே கணக்கைப் போட முடியாது. ஆனால் இன்னொரு முடிவு முக்கியமானது. அதிக மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பேச்சுத்திறனிலும் வியூகத்திலும் நல்ல பெயர். கூட்டாக வேலை செய்வதிலும் ஆட்களை நிர்வகிப்பதிலும் மோசமான பெயர். எனவே மீட்டிங்கில் அசத்துகிறவரின் கீழே வேலை செய்தவர்களை விசாரியுங்கள்.

படி 3: மேலே ஒரு முகம், கீழே ஒரு முகம்

ஜூனியர் பெண் நள்ளிரவு வரை உட்கார்ந்து செய்த எக்செல் ஷீட், காலையில் டைரக்டர் முன்னால் "நான் போட்டது" ஆகிவிடும். அதில் ஒரு தப்பு வெளியே வந்ததும் "அதை அந்தப் பொண்ணுதான் பார்த்தது சார்." முகத்தில் சலனமே இருக்காது. அவள் புகார் கொடுத்தால், "அவரா? தங்கமான மனுஷனாச்சே!" என்பார் டைரக்டர். இந்த நம்பிக்கை தானாக வந்ததல்ல, பார்த்துப் பார்த்துச் சம்பாதித்தது.

கத்துகிற மேலாளர் எல்லாரும் இப்படியல்ல. வேலை நெருக்கடியில் எரிந்து விழுந்தவர் மறுநாள் வருத்தப்படுவார், தன் தப்பைத் தானே ஏற்பார்.

படி 4: எழுத்தில் வையுங்கள்

இப்படிப்பட்டவரிடமிருந்து வாய்மொழி உத்தரவு வந்ததும் ஒரு மெயில் போடுங்கள்: "இன்று காலை நீங்கள் சொன்னபடி இதைத் தொடங்குகிறேன்." தேதி, சொன்ன வார்த்தை, உடனிருந்தவர் மூன்றையும் குறித்துவையுங்கள். வீட்டுக் கடன், உடல்நலம், குடும்பச் சண்டை எதையும் அவரிடம் பேசாதீர்கள். பிறகு அதை வைத்தே உங்களை மடக்குவார். புகார் எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள். பாதிக்கப்பட்ட மற்றவர்களோடு சேர்ந்து போவது இன்னும் நல்லது.

படி 5: உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்

அவரைத் திருத்துவது உங்கள் வேலையல்ல. வேறு பிரிவுக்கு மாறுதல் கேளுங்கள், வேறு வேலையும் தேடுங்கள். தூக்கம் கெட்டு, காலையில் அலுவலகம் என்றாலே நெஞ்சு படபடத்தால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் பேசலாம்.