காருக்கான ஊர், காலுக்கான ஊர்



வரைபடம் போட்டுக் கட்டின நகரம் சண்டிகர். 1951-ல் லெ கார்புசியே என்ற கட்டடக் கலைஞர் அதன் திட்டத்தைத் தயாரித்தார். ஊரைச் 'செக்டார்' என்று கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒரு செக்டார் 1200 மீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம். சுற்றிலும் வண்டிகள் வேகமாப் போற பெரிய ரோடு. அந்த ரோட்டைப் பார்த்து வீட்டு வாசல் கிடையாது.

போய் வந்தவர்கள் சுத்தத்தையும் மரநிழலையும் புகழ்வார்கள். ஆனா எல்லா ரோடும் ஒரே மாதிரி, நடந்து போனா ஆளே தெரியலைன்னும் சொல்றாங்க.

மதுரையும் திட்டமிட்ட ஊர்தான்! மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் சதுரம் சதுரமா இருக்கு. ஆனால் அவை சாமி ஊர்வலத்துக்கும் நடக்கிற ஜனங்களுக்கும் அமைத்தவை. வாசலும் கடையும் தெருவைப் பார்த்தே இருக்கும். ராத்திரியும் இட்லிக் கடை உண்டு. அதனால்தான் 'தூங்கா நகரம்'. நெரிசலும் புகையும் அங்கே அதிகம்தான்.

சண்டிகரிலும் 17-வது செக்டார் கடைவீதியில் கூட்டம் சேரும். காரணம், அது நடப்பவர்களுக்கான இடம்.

தெருவைப் பார்க்கும் கண்களே பாதுகாப்பு என்று அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் எழுதினார். நமக்கு இது நல்லாவே புரியும். முத்துக்கடையில் பூ விக்கிற அக்கா, டீக்கடை அண்ணன் இருக்கும்போது பயமில்லை. நீளமான கம்பெனி மதில் ஓரமா சாயந்திரம் தனியா நடந்தாத்தான் பயம்.

ராணிப்பேட்டை 2019-ல் மாவட்டத் தலைநகர் ஆனது. ரோடு அகலமாகட்டும். கூடவே நடைபாதை, மரம், தெருவிளக்கு, சின்னக் கடைகளுக்கும் இடம் வேண்டும். பள்ளிக்கு நடந்து வரும் நாமும் ஊர்க்காரங்கதானே? சிந்திப்போம்!

- 9ஆம் வகுப்பு மாணவி