தாய் இருந்தும் அநாதையான பிள்ளைகள்

வெளிநாடு போய் ஒரு குழந்தையைத் தத்தெடுத்துத் திரும்பும் தம்பதியின் புகைப்படத்தைப் பார்த்து மனம் இளகாதவர்கள் குறைவு. அந்த அன்பைச் சந்தேகிக்க எனக்கு மனமில்லை. உயிராக வளர்த்தவர்கள் மிகப் பலர். ஆனால் அந்தப் படத்தில் ஒருத்தி எப்போதும் இருப்பதில்லை: குழந்தையைப் பெற்றவள். அவள் எங்கே இருக்கிறாள், அவளிடம் யாராவது கேட்டார்களா, கேட்டபோது என்ன சொல்லிக் கேட்டார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமலேயே பல்லாயிரம் குழந்தைகள் கடல் கடந்து போயிருக்கிறார்கள். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகள் சிலவற்றை அவளை மனத்தில் வைத்துப் பரிசீலிக்க வேண்டும்.

நம்பிக்கை: ஏழை நாடுகளில் கோடிக்கணக்கான அநாதைக் குழந்தைகள் ஒரு வீட்டுக்காகக் காத்திருக்கிறார்கள்.

உண்மை: 2015-இல் உலகில் சுமார் 14 கோடி அநாதைக் குழந்தைகள் இருப்பதாக யுனிசெஃப் கணக்கிட்டது. இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவரை இழந்த குழந்தைகளும் இதில் அடக்கம் என்பதை யாரும் சொல்வதில்லை. இருவரையும் இழந்தவர்கள் சுமார் 1.5 கோடி. அவர்களிலும் பெரும்பாலோர் பாட்டி, சித்தி, மாமா என்று யாரோ ஒருவருடைய வீட்டில் வளர்கிறார்கள். மிகப் பெரும்பான்மையினர் ஐந்து வயதைக் கடந்தவர்கள். தத்தெடுக்க விரும்புகிறவர்கள் மனத்தில் வைத்திருக்கும் ஆரோக்கியமான கைக்குழந்தை, காத்திருப்போர் வரிசையில் மிக அரிது. தேவை அதிகம், குழந்தைகள் குறைவு என்ற அந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார்.

பேரிடர்க் காலத்தில் இந்த நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. 2007-இல் சூடானின் டார்ஃபூர் போரில் அநாதையானவர்கள் என்று சொல்லி 103 குழந்தைகளை சாட் நாட்டிலிருந்து பிரான்சுக்கு விமானமேற்ற முயன்றது ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம். பெரும்பாலான குழந்தைகள் சாட் நாட்டவர்கள், பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தவர்கள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பின் 33 குழந்தைகளோடு எல்லை தாண்ட முயன்ற பத்து அமெரிக்கர்கள் கைதானார்கள். அங்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெற்றோர் இருந்தார்கள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பி அவர்களே அனுப்பிவைத்திருந்தார்கள்.

ஈழத்தின் கிழக்குக் கரையில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. 2004 சுனாமியில் உயிர்பிழைத்த ஒரு கைக்குழந்தை கல்முனை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. ஒன்பது தம்பதிகள் அதற்கு உரிமை கோருவதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தில் உரிமை கோரி நின்றதோ ஒரே ஒரு தமிழ்த் தம்பதி. மரபணுப் பரிசோதனை அவர்களே பெற்றோர் என்று உறுதிசெய்தது. 2005 பிப்ரவரியில் குழந்தை அவர்களிடம் போனது. அலை ஓய்ந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அந்த ஏழு வாரமும் குழந்தையை வேறு யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்ததால்தான் அந்தத் தாய்க்குத் தன் மகன் கிடைத்தான். சுனாமிக்குப் பின் இந்தோனேசிய அரசு, ஆச்சே மாநிலத்தின் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வெளியே கொண்டுபோகத் தடை விதித்தது குழந்தைக் கடத்தலுக்கு அஞ்சித்தான்.

நம்பிக்கை: காப்பகத்துக்கு உரிமம் இருக்கிறது, நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

உண்மை: இந்த நம்பிக்கை உடைந்ததுதான் கடந்த பத்தாண்டுகளின் பெருங்கதை. தென் கொரியாவிலிருந்து 1950-கள் தொட்டு ஒன்றரை லட்சத்துக்குக் குறையாத பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். எல்லாம் சட்டப்படி, முத்திரையோடு. 2025 மார்ச்சில் அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் வெளியிட்ட முடிவுகளைப் படிப்பவர்களுக்குக் கை நடுங்கும். பெற்றோர் இன்னார் என்று தெரிந்த குழந்தைகளைக் கைவிடப்பட்டவர்கள் என்று பதிவுசெய்திருக்கிறார்கள். அனுப்ப ஏற்பாடாகியிருந்த ஒரு குழந்தை இறந்துபோனாலோ, பெற்றோர் வந்து கூட்டிச் சென்றாலோ, அதே பெயரில், அதே காகிதத்தில் வேறொரு குழந்தையை அனுப்பியிருக்கிறார்கள். அப்படிப் போனவர்கள் ஐம்பது வயதில் தாயைத் தேடி வந்து, கையில் இருக்கும் கோப்பே தங்களுடையதல்ல என்று அறிகிறார்கள்.

இலங்கையிலிருந்து, பெரும்பாலும் 1980-களில், சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். நெதர்லாந்துக்கு மட்டும் ஏறக்குறைய 4,000. நீதிமன்றத்தில் நின்று “என் பிள்ளையை மனமொப்பிக் கொடுக்கிறேன்” என்று சொன்ன பெண்களில் பலர் அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களே அல்லர். காசு கொடுத்து அழைத்துவரப்பட்டவர்கள். நீதிபதி அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்தார், கையெழுத்து வாங்கினார். வெளிநாட்டிலிருந்து வந்த தம்பதி அவளைக் கண்ணீரோடு கட்டிக்கொண்டார்கள். பின்னாளில் அந்தப் பிள்ளைகள் தேடிப்பிடித்துப் பரிசோதனை செய்தபோதுதான் மரபணு பொருந்தவில்லை என்று தெரிந்தது. 2017-இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதை ஒளிபரப்பியது. விற்பதற்கென்றே குழந்தைகளைத் திரட்டிய ‘குழந்தைப் பண்ணைகள்’ இயங்கியது உண்மையே என்று அன்றைய இலங்கை சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன ஒப்புக்கொண்டார். நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பை நெறிப்படுத்தும் 1993 ஹேக் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்ற மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று. மற்றவை மெக்சிகோ, ருமேனியா. அடிபட்ட நாடுகள்தான் முதலில் ஏற்றன.

சென்னையும் இதில் சேர்த்தி. 1990-களின் பிற்பகுதியில் குடிசைப் பகுதிகளிலிருந்தும் தெருவோரத்திலிருந்தும் கடத்தப்பட்ட குழந்தைகள், உரிமம் பெற்ற ஒரு தத்து நிறுவனத்தின் வழியே, வேறு பெயரில் நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது 2005-இல் வெளியே வந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் விசாரணை சி.பி.ஐ.யிடம் போனது. கூலி வேலை செய்யும் ஒரு பெற்றோர் நெதர்லாந்து நீதிமன்றம் வரை போராடினார்கள். அங்கே வளரும் சிறுவனுக்கு மரபணுப் பரிசோதனை செய்ய உத்தரவிட அந்த நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தச் சிறுவன் மீதோ, அவனை வளர்த்தவர்கள் மீதோ குற்றமில்லை. ஆனால் பெற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நம்பிக்கை: பெற்றவளே மனமுவந்து கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

உண்மை: எந்த நிலையில், எதை நம்பிக் கொடுத்தாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எத்தியோப்பியாவில் பல குடும்பங்கள் பிள்ளை வெளிநாட்டில் படித்து, ஆளாகி, திரும்பி வருவான் என்று நம்பியே அனுப்பின. விடுமுறைக்கு வருவான், கடிதம் போடுவான், தலையெடுத்ததும் வீட்டைப் பார்த்துக்கொள்வான் என்ற நினைப்பு. தாய் பிள்ளை உறவையே சட்டம் முழுதாக அறுத்துவிடும் என்பதை யாரும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை. 2018-இல் அந்நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பை அடியோடு நிறுத்தியது. குவாத்தமாலாவில் 2007-ஆம் ஆண்டில் மட்டும் 4,700-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்காவுக்குப் போனார்கள்; ஒரு குழந்தைக்கு 25,000 முதல் 30,000 டாலர் வரை கைமாறியது. அவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் ஓர் ஏழைக் கர்ப்பிணியின் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஹேக் உடன்படிக்கை இதற்காகவே சில வரம்புகளை வைத்தது. தாயின் சம்மதத்தைக் குழந்தை பிறந்த பிறகே பெற வேண்டும். அதற்காகப் பணமோ பொருளோ கொடுத்திருக்கக் கூடாது. பிறந்த நாட்டிலேயே ஒரு குடும்பம் கிடைக்குமா என்று பார்த்த பிறகே வெளிநாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்தியா இதை 2003-இல் ஏற்றது. நம் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தையை ஒப்படைத்த பெற்றோருக்கு மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. வறுமையால் மட்டுமே கொடுக்க வந்தவளுக்கு அந்த இரண்டு மாதத்தில் ஒரு வேலையோ உதவித்தொகையோ கிடைத்தால், பல குழந்தைகள் அவள் மடியிலேயே வளரும்.

நம்பிக்கை: முதலில் போய்ப் பார்ப்போம், மனதுக்குப் பிடித்த குழந்தையைத் தேர்ந்தெடுப்போம், காகித வேலை பிறகு.

உண்மை: வரிசை நேர் எதிர். விண்ணப்பிப்பவர்களின் வீட்டை, வருமானத்தை, உடல்நலத்தை அவர்கள் நாட்டிலேயே ஆய்ந்து அறிக்கை எழுதுவார்கள். அது இரு நாடுகளிலும் தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்புகளுக்குப் போகும். குழந்தைக்கு ஏற்ற பெற்றோரை அமைப்புகளே பொருத்தும். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகுதான் விமானச் சீட்டு. அதற்கு முன் குழந்தையின் தாயையோ காப்பாளரையோ தேடிப் போய்ப் பேசுவதை உடன்படிக்கையே தடைசெய்கிறது. உறவினருக்குள் நடக்கும் தத்து போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. “நேரே வாருங்கள், குழந்தையைக் காட்டுகிறோம்” என்று ஒருவர் அழைத்தால், அவரிடமிருந்து விலகி வருவதே நல்லது.

நம்பிக்கை: நடைமுறை இழுத்தடிப்பதெல்லாம் அதிகாரிகளின் மெத்தனம்.

உண்மை: மெத்தனமும் உண்டு, அதை யார் மறுப்பார்? ஆனால் சில மாதங்கள் நம் சட்டம் வேண்டுமென்றே வைத்தவை. கைவிடப்பட்ட நிலையில் கிடைத்த குழந்தைக்கு இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதம், அதற்கு மேல் என்றால் நான்கு மாதம், குடும்பத்தைத் தேட வேண்டும். நாளிதழில் படத்தோடு விளம்பரம் வருவது அதற்காகத்தான்.

நம்பிக்கை: அக்கா பிள்ளைதானே, ஒரு தத்துப் பத்திரம் பதிவுசெய்தால் கனடாவுக்கு அழைத்துப்போய்விடலாம்.

உண்மை: புலம்பெயர்ந்த நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இந்தியாவில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பத்திரம் மட்டும் குழந்தைக்கு விசா வாங்கித் தராது. உறவினர் தத்தாக இருந்தாலும், வெளிநாடு செல்லும் குழந்தைக்கு மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் தடையில்லாச் சான்று வேண்டும். போய்ச் சேரும் நாட்டின் ஆய்வறிக்கையும் அனுமதியும் வேண்டும். குடியேற்றத்துக்காகவே செய்யப்பட்ட தத்து என்று தோன்றினால் கனடா நிராகரித்துவிடும். பத்திரத்தைப் பதிந்துவிட்டு, பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு, வருடக்கணக்கில் தொலைபேசியில் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: பத்திரத்துக்கு முன்பு காராவையும் அந்த நாட்டின் அதிகாரிகளையும் கேளுங்கள்.

நம்பிக்கை: தத்தெடுத்து அழைத்துப்போனால் குடியுரிமை தானாக வந்துவிடும்.

உண்மை: அமெரிக்காவில் இதற்கான சட்டம் 2001 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அன்று 18 வயது நிறைந்திருந்தவர்களுக்கு அது பொருந்தாது. வளர்த்தவர்கள் ஒரு விண்ணப்பத்தை நிரப்பத் தவறியதால், குழந்தையாகப் போனவர்கள் நடுவயதில் அந்நியர்களானார்கள். குற்ற வழக்குகளில் தண்டனை பெற்ற சிலரை மொழியும் மனிதர்களும் தெரியாத பிறந்த நாட்டுக்கே நாடுகடத்தினார்கள். இந்தியாவிலிருந்து சிறுமியாகப் போன ஒரு பெண்ணும் 2008-இல் அப்படி மும்பையில் வந்து இறக்கப்பட்டார்.

நம்பிக்கை: அப்படியானால் வெளிநாட்டுத் தத்தெடுப்பு முழுவதுமே குழந்தைக் கடத்தல்.

உண்மை: இதையும் நான் ஏற்கமாட்டேன். இந்தியாவில் 2023-24-இல் சுமார் 4,000 தத்தெடுப்புகள் நடந்தன. அவற்றில் ஏறக்குறைய 450 வெளிநாட்டுக்கு. இங்கே கைக்குழந்தைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில். அதே நேரம் இதயக் கோளாறோடு பிறந்த குழந்தையை, எட்டு வயதுச் சிறுமியை, பிரிக்கக் கூடாத மூன்று உடன்பிறப்புகளை யாரும் கேட்பதில்லை. கடல் கடந்து வந்து அவர்களை ஏற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அதுதான் வீடு. உள்ளூரில் நாம் அவர்களை ஏற்கும் நாள் வரும் வரை அந்த வழியை அடைக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆனால் வழி குறுகிவருகிறது. அமெரிக்காவுக்கு 2004-இல் சுமார் 23,000 குழந்தைகள் வந்தார்கள். 2023-இல் 1,300-க்கும் குறைவு. 1992 முதல் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை அனுப்பிய சீனா, உறவினர் தத்து தவிர்த்து, 2024 செப்டம்பரில் கதவை மூடியது. நெதர்லாந்து படிப்படியாக நிறுத்துகிறது. சுவிட்சர்லாந்து அரசும் நிறுத்த விரும்புவதாக 2025-இல் அறிவித்தது.

இன்றும் முறைப்படி போகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. குழந்தையோடு கிளம்பும் முன் காப்பகத்தின் கோப்பு முழுவதற்கும் நகல் கேளுங்கள்: சேர்க்கைப் பதிவு, மருத்துவக் குறிப்பு, குழந்தை கிடைத்த இடமும் தேதியும், காவல் நிலைய அறிக்கை, நாளிதழ் விளம்பரம், தாய் கையெழுத்திட்டிருந்தால் அந்த ஒப்படைப்புப் பத்திரத்தைப் பற்றிச் சட்டம் அனுமதிக்கும் விவரங்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆயாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மொழி புரியாவிட்டாலும் அப்படியே வைத்திருங்கள். மூலத்தைத் தேடி வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இவற்றைத்தான். அதற்குள் பல காப்பகங்கள் மூடப்பட்டிருக்கும்.