பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

தை, மாசி மாதங்களில் மழை குறைந்திருக்கும். அப்போதும் நம் தோட்டத்துப் பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். மழையில்லாத நாளில் இத்தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று எண்ணிப் பார்த்ததுண்டா?

உலகின் உயர்ந்த மலைகள் பலவற்றில் பனியாறுகள் உள்ளன. அவை ஆண்டாண்டு காலமாய் உறைந்து கிடக்கும் பனிக்கட்டித் திரள்கள். வறட்சிக் காலத்தில் சிறிது சிறிதாக உருகி, கீழே வாழும் மக்களுக்கு நீர் தருகின்றன. பூமி சூடாவதால் இன்று அவை சுருங்கி வருகின்றன. தென்னமெரிக்காவில் பொலிவியா என்னும் ஏழை நாட்டின் சக்கால்தாயா பனியாறு 2009-ம் ஆண்டுக்குள் முற்றாக மறைந்துவிட்டது. அதன் அருகிலுள்ள லா பாஸ் நகரில் 2016-ல் கடும் வறட்சியும் சேர்ந்துகொள்ள, தண்ணீர்த் தட்டுப்பாட்டினால் அரசு அவசரநிலையைப் பிரகடனம் செய்தது.

நமது மலைநாட்டில் பனியாறு இல்லை. அதன் வேலையை இங்கே செய்வது மலையுச்சிக் காடு. தவழ்ந்து வரும் மூடுபனியை இலைகளும் பாசிகளும் துளித்துளியாகப் பிடித்து நிலத்தில் இறக்குகின்றன. காட்டு மண் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையில் ஊற்றாகக் கசியவிடுகிறது. காடற்ற சரிவிலோ மழைநீர் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும்.

இவ்வுண்மை புதிதன்று. கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்ட காலத்திலேயே, 1873-ல், இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை விட்டுவைக்குமாறு இலங்கை அரசுக்கு ஆலோசனை கூறினார். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் ஹோர்ட்டன் சமவெளி 1988-ல் தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும் அங்கு மரங்கள் பல கருகி மடிவதை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகக் கண்டுவருகின்றனர்.

உச்சிக்காடு குறைந்தால் முதலில் தாகத்தை அறிபவர் யார்? ஊற்றையே நம்பியிருக்கும் லயத்து மக்கள். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த தாய், குடத்தைத் தூக்கிக்கொண்டு இன்னும் வெகுதூரம் நடக்க நேரும்.

ஆகவே, ஊற்றுக்கு மேலே நிற்கும் மரங்களை விறகுக்காக வெட்டாதீர்கள். அங்கே மாடு கட்டாதீர்கள். மருந்தடிக்கும் கருவிகளைக் கழுவாதீர்கள். வெறுமையாய்க் கிடக்கும் இடத்தில் நாட்டு மரக்கன்றுகளை நடுங்கள். ஊற்றையும் காட்டையும் காக்கும் பொறுப்பு தோட்ட நிர்வாகத்துக்கும் அரசுக்கும் உண்டு. அதைத் தோட்டத் தலைவர்மார் மூலம் கேட்பது உங்கள் உரிமை. பீலி வற்றிய பிறகு கேட்பதைவிட, அது ஓடும்போதே கேட்பது நன்று.