இன்டீரியர் டிசைன்: சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை



பிளஸ் டூ முடிவுகள் வந்தபின் நம் அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி விண்ணப்பங்களில் ‘இன்டீரியர் டிசைன்’ என்ற பெயர் இப்போது அடிக்கடி தென்படுகிறது. பெரும்பாலும் பெண் பிள்ளைகள். கூட வரும் வாப்பாமார்களிடம் அது என்ன படிப்பு என்று கேட்டால், “வீட்டை அலங்காரம் பண்றதுங்க, புள்ள ஆசைப்படுது” என்கிறார்கள். திரைச்சீலைக்கு நிறம் பார்ப்பதும் சோபா தேர்ந்தெடுப்பதும்தான் படிப்பு என்றால், அதற்கு மூன்று நான்கு ஆண்டுகளும் இவ்வளவு பணமும் எதற்கு என்று பெரியவர்கள் தயங்குவது நியாயமே. ஆனால் படிப்பு அதுவல்ல.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. நம்மில் பலருடைய வீட்டுப் படுக்கையறை இந்த அளவுதான். பன்னிரண்டு அடிச் சுவரில் தலைமாடு வைத்து ஆறரை அடி நீளக் கட்டிலைப் போடுகிறோம். எதிர்ச்சுவரில் இரண்டு அடி ஆழமுள்ள அலமாரி. மீதி எவ்வளவு? பத்திலிருந்து ஆறரையும் இரண்டும் போக ஒன்றரை அடி. அலமாரிக் கதவு முழுதாகத் திறக்காது. திறந்தாலும் ஆள் நிற்க இடமில்லை. அதே அலமாரியைப் பத்து அடிச் சுவருக்கு மாற்றி, ஐந்தடி அகலக் கட்டிலை அதற்கு எதிர்ப்புறச் சுவரோரம் ஒதுக்கினால் நடுவே ஐந்தடி கிடைக்கும். தொழுகை விரிப்பு விரிக்கவும் இடம் உண்டு. ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தவில்லை. கட்டில் வாங்கும் முன்பே இதைக் காகிதத்தில் கண்டுகொள்வதுதான் இந்தப் படிப்பின் அடிப்படை.

அதனால்தான் முதலாண்டில் பாதி நாள் அளவெடுப்பதிலும் வரைவதிலுமே போகும். மூன்று மீட்டர் சுவரை ஒன்றுக்கு ஐம்பது என்ற அளவுகோலில் ஆறு சென்டிமீட்டராக வரைய வேண்டும். மேலிருந்து பார்க்கும் பிளான், வெட்டிப் பார்க்கும் செக்‌ஷன், நேரே பார்க்கும் எலிவேஷன் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பிறகு மரம், கல், துணி, பெயின்ட் ஆகியவற்றின் குணங்கள், மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், வெளிச்சம், காற்றோட்டம், செலவு மதிப்பீடு. எட்டுக்கு நான்கு பிளைவுட் பலகை ஒன்று முப்பத்திரண்டு சதுர அடி. அதை எப்படி அறுத்தால் வீண் குறையும் என்பதும் பாடம்தான். கடையில் எம்.ஆர். என்றும் பி.டபிள்யூ.ஆர். என்றும் இரண்டு தரம் சொல்வார்கள். விலை குறைவென்று எம்.ஆர். பலகையைச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் அடித்தால், ஈரம் பட்டு உப்பிவிடும். இதெல்லாம் நம் ஊர்த் தச்சர்களுக்குக் கைவந்த அறிவு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு வந்தால் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்பார்கள் என்பது எங்கள் கருத்து.

இந்தச் சிந்தனை நமக்குப் புதியதும் அல்ல. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே பெண்கள் வெளித்தெருவுக்கு வராமல் போய்வரக் குறுகலான முடுக்குகள் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். யார் எங்கே நடப்பார்கள், யார் பார்வை எங்கே படும் என்று யோசித்துச் செய்த வேலை அது. இன்றைய அடுக்குமாடி வீட்டில் வாசற்கதவைத் திறந்தால் நேரே சமையலறை தெரிகிறது. விருந்தாளி வந்தால் வீட்டுப் பெண்கள் அறைக்குள் அடைபட வேண்டியிருக்கிறது. நம் வீட்டு வழக்கம் தெரிந்த பிள்ளை படித்து வந்தால் இதற்கு வழி சொல்லும்.

உயிருள்ளவற்றின் உருவம் வரையச் சொல்வார்களா என்று சில தாய்மார்கள் கேட்டார்கள். பெரும்பகுதி வரைவது கட்டடமும் மரச்சாமானும்தான். அடிப்படை ஓவியப் பயிற்சியில் மனித உருவம் வரலாம். இதில் மனக்குழப்பம் உள்ளவர்கள் சேருமுன்பே பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து, ஆலிம்களிடம் விளக்கம் பெறுவது நல்லது.

ஆர்க்கிடெக்ட் படிப்பு வேறு, இது வேறு. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கு ஐந்தாண்டு பி.ஆர்க். படிக்க வேண்டும், பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். இன்டீரியர் டிசைனுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் எந்தக் குரூப் படித்தவரும் சேரலாம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மரச்சாமான், உள்ளக வடிவமைப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நுழைவுத் தேர்வை எந்தக் குரூப் மாணவரும் எழுதலாம். போட்டி கடுமை, என்றாலும் எழுதிப் பார்க்கலாமே.

எந்தக் குரூப்பும் போதும் என்ற இந்த வசதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. உள்ளக வடிவமைப்பாளர் என்று பலகை மாட்ட அப்படிப்பட்ட சட்டப் பதிவு எதுவும் தேவையில்லை என்பதால், இரண்டு அறை வாடகைக்கு எடுத்தவர்களும் பயிற்சி நிலையம் தொடங்கிவிடுகிறார்கள். நம்மிடம் வந்த ஒரு குடும்பம், நகையை அடகு வைத்து மகளை அப்படி ஓர் இடத்தில் சேர்த்திருந்தது. பட்டத்துக்கு இணையானது என்று வாயால் சொன்னார்கள். கையில் கொடுத்தது அவர்களே அச்சடித்த சான்றிதழ். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது பட்டம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை வேலை கற்றிருந்தது உண்மை. ஆனால் சான்றிதழ் ஒன்றுக்கும் உதவவில்லை. வளைகுடா நாடுகளில் உள்ளலங்கார ஒப்பந்த நிறுவனங்கள் நிறைய உண்டு. மகனை அங்கே அனுப்பும் எண்ணம் இருந்தால் பட்டச் சான்றிதழுக்கு அட்டஸ்டேஷன் கேட்பார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

குறுகிய காலப் பயிற்சியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு பட்டம் உள்ளவருக்கும், தொழிலில் இருக்கும் தச்சருக்கும் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருள் பயிற்சி பயன்படும். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு முதலில் பல்கலைக்கழகப் பட்டம் இருக்கட்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். அங்கீகாரமில்லாத இடத்தில் சேர்ந்தால் அந்த உதவியும் போய்விடும்.

கல்லூரிக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. வரைதாள், கருவிகள், மாதிரி செய்ய அட்டையும் பசையும், படங்களைப் பெரிய தாளில் அச்செடுக்கும் செலவு, இரண்டாம் ஆண்டுக்குள் ஒரு நல்ல மடிக்கணினி. சீனியர் மாணவியரிடம் விசாரித்தால் சரியான கணக்கு கிடைக்கும். இன்னொன்று: இது வீட்டில் உட்கார்ந்தே செய்யும் வேலை என்று நினைத்துப் பெண்ணைச் சேர்க்காதீர்கள். வரைவதை வீட்டில் செய்யலாம். அளவெடுக்கவும், தச்சர், எலக்ட்ரீஷியனிடம் வேலை வாங்கவும் கட்டுமான இடத்துக்குப் போகத்தான் வேண்டும். அதற்கு வீட்டார் சம்மதமா என்பதை இப்போதே பிள்ளையோடு பேசிவிடுங்கள். படித்து முடித்த பின் தடுப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

இப்படிப்புக்கு உதவி கோருவோர் வரும் கல்வியாண்டு முதல், கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது, தருவது பட்டமா டிப்ளோமாவா என்று கல்லூரியின் முத்திரையோடு எழுதி வாங்கிய கடிதத்தையும், அச்சிட்ட கட்டண விவரத்தையும் விண்ணப்பத்துடன் இணைத்துத் தர வேண்டும். மாணவர் தம் சொந்த வீட்டின் ஓர் அறையை அளந்து கையால் வரைந்த படமும் ஒன்று வேண்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை, அளவு சரியாக இருந்தால் போதும்.