பேசிப் பழகுவோம்: சினிமாவில் தொடங்கும் தமிழ்ப் பாடம்



பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் கேட்டால் புரிகிறது. பதிலை மட்டும் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு நான் தமிழ் சொல்லித் தருகிறேன். எழுத்துக் கூட்டி நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட, ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தால் "நல்லா இருக்கேன் பாட்டி" என்பதோடு நின்றுவிடுகிறது. சொல் தெரியாமல் அல்ல, பேசிப் பழக்கமில்லாமல்தான். அந்தப் பழக்கத்துக்குச் சினிமாவும் அன்றாட வாழ்க்கையும் நல்ல வாசல்.

"படம் நல்லா இருந்ததா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "ஏன்", "எப்படி" என்று கேட்டால் ஒரு வாக்கியமாவது வரும். கீழே உள்ள ஒவ்வொரு கேள்வியிலும் ஓர் இலக்கணப் பயிற்சி ஒளிந்திருக்கிறது.

1. நேற்றுப் பார்த்த படத்தின் கதை என்ன? இது இறந்தகாலப் பயிற்சி. வந்தான், வந்தாள், வந்தது என்று திணையும் பாலும் தாமாகப் பழகும். "நாய் வந்தான்" என்று சொல்லும் பிள்ளைக்கு இது மிகவும் உதவும்.

2. அம்மா மகனிடம் என்ன சொன்னாள்? பிறர் பேச்சை "என்று" சேர்த்துச் சொல்லும் பயிற்சி.

3. நீ அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? நடக்காததைக் கற்பனை செய்து சொல்லும் பயிற்சி.

4. பால் கன்னடத்தில் ஏன் "ஹாலு" ஆனது? பழங்கன்னடச் சொற்களின் முதலில் இருந்த "ப" பிற்காலத்தில் "ஹ" ஆயிற்று. பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு. பேருந்துப் பலகையில் காணும் "ஹள்ளி" நம் "பள்ளி"தான். வேறு எதெல்லாம் இப்படி மாறியிருக்கிறது என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள்.

5. வேறு மொழி பேசும் வீட்டில் பிறந்தவர் தமிழில் எப்படிப் பேசக் கற்றிருப்பார்? ரஜினிகாந்த் 1950-இல் இந்நகரில் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். இங்கே பேருந்து நடத்துநராக இருந்தவர். 1975-இல் கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் அறிமுகமானார். பி. சரோஜாதேவியும் பெங்களூர்க்காரர்தான். 1955-இல் கன்னடப் படத்தில் தொடங்கி, 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்தில் எம்.ஜி.ஆருடன் நடித்தார். கன்னட வாடை வீசிய அவருடைய தமிழைக் கொஞ்சும் தமிழ் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2025-இல் அவர் மறைந்தபோதும் "கன்னடத்துப் பைங்கிளி" என்றே நினைவுகூர்ந்தார்கள்.

இந்த ஐந்தாம் கேள்வியைப் பெரியவர்களும் யோசிக்க வேண்டும். நடிகையின் தமிழைக் கொஞ்சும் தமிழ் என்று ரசித்த நாம், நம் வீட்டுப் பிள்ளை "வாழைப்பழம்" என்பதை "வாளைப்பளம்" என்றால் உறவினர்களோடு சேர்ந்து சிரிக்கிறோம். இரண்டு முறை சிரித்தால் போதும், மூன்றாம் முறை பிள்ளை வாய் திறக்காது. ஆகவே நடுவில் திருத்தாதீர்கள். பிள்ளை சொல்லி முடித்த பிறகு, அதையே சரியாக நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள். காது பிடித்துக்கொள்ளும், நாக்கு தானாக வழிக்கு வரும்.

இந்த வாரப் பயிற்சி: இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நாளுக்கு ஒரு கேள்வி. பெரியவர்களும் பதில் சொல்ல வேண்டும், தமிழிலேயே!