‘நெட் வந்தாப் போதும்’ என்ற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். விடுதியில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ரீசார்ஜ் விலையும் கூடிவிட்டது என்று நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். கடைசியில் ஒன்று சொன்னாய்: “எனக்கு அரசியல் எல்லாம் வேண்டாம் பெரியப்பா, நெட் ஒழுங்கா வந்தாப் போதும்.” அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை அடுத்து, தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. டவரில் பழுதில்லை, கேபிளும் அறுந்துபோகவில்லை. ஒரு கையெழுத்தில் நின்றது. நெட் வருவதும் வராததும் அரசியல்தான் அம்மா.

விலையும் அப்படியே. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை இலவசமாகக் கொடுத்தபோது ஊரே வரிசையில் நின்றது. மலிவானதில் எனக்கு மகிழ்ச்சிதான். நம் தெருப் பிள்ளைகள் யூடியூபில் பாடம் கேட்டது அதனால்தானே. ஆனால் அந்தப் போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாமல் பல நிறுவனங்கள் மூடின. தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் படுத்துவிட்டபோது, வேறு கம்பெனிக்கு மாற போர்ட் எண் கூடக் கிடைக்காமல் சனம் அலைந்தது. இப்போது தனியாரில் மூன்றுதான் மிச்சம். 2024 ஜூலையில் மூன்றும் ஒரே வாரத்தில் விலையை ஏற்றின. கோபித்துக்கொண்டு பி.எஸ்.என்.எல்.லுக்குப் போனவர்களுக்கோ பல ஊர்களில் 4ஜி கிடைக்கவில்லை. அலைக்கற்றையை யாருக்கு எப்படி விற்பது, பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி எப்போது கொடுப்பது என்பதெல்லாம் தில்லியில் முடிவானவை. உன் ரீசார்ஜ் காசில் அந்த முடிவுகளும் சேர்ந்திருக்கின்றன.

நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று 2015இல் நடந்தது. ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிறகு அதற்கு ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் டேட்டா செலவில்லாமல் பார்க்கலாம். ஏழைக்கு இலவசம் என்றால் யார் குறை சொல்வார்கள்? ஆனால் எது இலவசம் என்று ஒரு கம்பெனி பட்டியல் போட்டால், பட்டியலில் இல்லாத சின்னக் கடைக்கும் புதுப் பத்திரிகைக்கும் உன் தோழி எழுதும் செயலிக்கும் ஆள் வரமாட்டார்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், நான்கு கேள்விகளை வைத்து மக்களிடம் கருத்துக் கேட்டது. ஃபேஸ்புக் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. தன் பயனர்கள் பொத்தானை அமுக்கினாலே ஆதரவுக் கடிதம் போய்ச்சேரும்படி செய்தது. லட்சக்கணக்கில் வந்து குவிந்தன, எல்லாம் ஒரே வாசகம். நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இவற்றில் பதில் இல்லையே என்று டிராய் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. எதிர்த்தவர்களும் ஆயத்தக் கடிதங்களைத்தான் அதிகம் அனுப்பினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவை கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொன்னவை. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று டிராய் தடை போட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். சில நாட்களிலேயே ஃபேஸ்புக் இந்தியாவில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. உனக்கும் உன் தோழிகளுக்கும் கருத்துக்குப் பஞ்சமில்லை. எந்த போன் உசத்தி என்று விடிய விடிய வாதாடுகிறீர்கள். விலை ஏறினால் ஆளுங்கட்சியைத் திட்டும் மீமையோ எதிர்க்கட்சியைத் திட்டும் மீமையோ பகிர்கிறீர்கள். அது வேறொருவர் எழுதிய வாசகம். நீ உன் சொந்த வார்த்தையில், காரணத்தோடு, முடிவெடுக்கும் இடத்துக்கு எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

உன் ஆச்சியையே எடுத்துக்கொள். பட்டன் போனில் பேசுவது தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் டேட்டாவுக்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் காசு கட்டினோம். 2024 டிசம்பரில்தான், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டது. அதற்கு முன்பும் கருத்துக் கேட்டார்கள். அப்படி வந்த திட்டங்களின் விலை நியாயம்தானா? பழைய விலையோடு வைத்து நீ கணக்குப் போட்டுப் பார்.

விடுதி நெட்டுக்கு: காலை, மாலை, இரவு என்று வேகத்தைச் சோதித்துத் தேதியோடு குறித்துவை. புகார் கொடுத்தால் புகார் எண்ணை வாங்காமல் விடாதே. தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுது. டிராய் தளத்தில் அடுத்த கருத்துக்கேட்பு அறிக்கை வந்ததும் முழுவதும் படிக்க மலைப்பாக இருந்தால், கடைசியில் உள்ள கேள்விகளிலிருந்து தொடங்கு. ஆங்கிலம் புரியாத இடத்தில் போன் பண்ணு, இரவு எட்டு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
பெரியப்பா