ரேடியேட்டரை மாற்றும் முன் காற்றைப் பாருங்கள்

கரைத்தீவில் மீன் ஏற்றிக்கொண்டு புறப்படும் லொறி, புத்தளம் தாண்டி ஏ3 வீதியால் ஓடி, நேரத்துக்குப் பேலியகொடை மீன் சந்தையைப் பிடிக்க வேண்டும். வழியில் இஞ்சின் ஹீட் ஏறி நின்றால் ஐஸ் கரையும், மீன் விலை விழும், சாரதியின் அன்றைய உழைப்பும் போகும். அந்த லொறியை நிற்காமல் ஓட வைக்கத் தெரிந்தவருக்கு இந்தக் கரையில் வேலை குறையாது. கராஜ் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களுக்கும் ஏற்கெனவே ஸ்பானர் பிடித்திருப்பவர்களுக்கும் என் யோசனை: கூலிங் வேலையைத் தனியாகப் படியுங்கள். அதிலும் காற்றை முதலில் படியுங்கள்.

ஏன் காற்று? எரிபொருள் தரும் சக்தியில் மூன்றிலொரு பங்கு அளவு கூலன்ட் வழியாகவே வெளியேறுகிறது, ரேடியேட்டரில் அந்த வெப்பத்தைக் காற்றுதான் எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு பாகை சூடேறி எடுக்கும் வெப்பத்தைக் காற்று எடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ 3,500 லீற்றர் தேவை. அதனால் தண்ணீர் ஓட்டத்தில் சிறு குறை இருந்தால் வண்டி சமாளித்துவிடும், காற்று குறைந்தால் சமாளிக்காது. 1901இல் வில்ஹெல்ம் மேபாக் மெர்சிடிஸ் காருக்குச் செய்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன, பின்னால் ஒரு விசிறி. பழைய முறைக்குத் தேவைப்பட்ட தண்ணீரில் பாதியே, 9 லீற்றர், அதற்குப் போதுமாக இருந்தது. அவர் கூட்டியது தண்ணீரை அல்ல, காற்று படும் பரப்பை. இன்று வரை இந்தத் தொழிலின் அடிப்படை அதுதான்.

நம் பகுதியில் இந்தப் பரப்புக்கு எதிரிகள் அதிகம். வண்ணாத்திவில்லுப் பக்கத்துச் செம்மண் தூசி, வில்பத்து ஊடாகப் போகும் பழைய மன்னார் பாதையின் புழுதி, சோளகக் காற்று கொண்டுவரும் உப்பு. உப்பு படிந்த ரேடியேட்டரின் அலுமினியத் துடுப்புகளை (ஃபின்) விரலால் தொட்டுப் பாருங்கள், மாவாக உதிரும். உள்ளேயும் ஒரு எதிரி உண்டு. அருவக்காட்டில் சீமெந்துக்கு வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் இந்த நிலத்தடியில் பரவிக் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அந்தச் சுண்ணாம்பு குழாய்க்குள் வெள்ளைப் படையாகக் கட்டும். கூலன்டோடு கலக்க வடித்த தண்ணீரே வேண்டும்.

"ஹீட் ஆகுது பாஸ்" என்று வண்டி வந்தால் முதல் கேள்வி, "எப்ப ஆகுது?" என்பதுதான். நின்றபடி ஓடும்போதும் சந்தியில் ஊரும்போதும் ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கினால் விசிறிப் பக்கம் பாருங்கள். வேகமாக ஓடும்போதே ஏறினால் துடுப்புகள் அடைத்திருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம், கூலன்ட் ஓட்டம் குறைந்திருக்கலாம். விசிறி மோட்டார் மாற்றியபோது வயரை மாறிக் கொடுத்த வண்டியும் இப்படித்தான் காட்டும். விசிறி காற்றை முன்னுக்குத் தள்ள, ஓட்டத்தில் வரும் காற்று எதிரே மோதி நின்றுவிடும்.

அடுத்து ஒரு கடதாசி போதும். விசிறி ஓடும்போது முன்பக்கத்தில், ஏசி கண்டென்சர் மீது கடதாசியை வைத்துப் பாருங்கள். காற்று இழுக்கும் இடத்தில் ஒட்டி நிற்கும், அடைத்த இடத்தில் நழுவும். மூலை மூலையாக நகர்த்தினால் எந்தப் பகுதி மூச்சு விடவில்லை என்று தெரிந்துவிடும்.

பலர் கவனிக்காத இடம் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி. முன்னால் பார்த்தால் வண்டி சுத்தமாகத் தெரியும். மேல் பிடிகளைக் கழற்றிக் கண்டென்சரைச் சற்று முன்னே சாய்த்தால், தூசியும் பூச்சிச் சிறகும் புல் விதையும் சேர்ந்து கம்பளித் துணியாகப் படிந்திருக்கும். சேர்விஸில் முன்னாலிருந்து பிரஷர் கன் அடிக்க அடிக்க அது இன்னும் உள்ளே இறுகுகிறது. தண்ணீரை இஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி, மெல்லிய அழுத்தத்தில் நேராக விடுங்கள். துடுப்பின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர் அளவுதான். கன்னைச் சரித்துப் பிடித்தால் வரிசையாக மடங்கும். மடங்கியதைத் துடுப்புச் சீப்பால் பொறுமையாக நிமிர்த்துங்கள். எலெக்ட்ரிக் விசிறி, சாவி எடுத்த பிறகும் தானாகச் சுழலக்கூடும். கையை உள்ளே விடுமுன் பெட்டரி வயரைக் கழற்றுவது கட்டாயம்.

பிறகு விசிறியைச் சுற்றியுள்ள கூடு. விபத்தில் உடைந்தது, பழுது பார்க்க இடைஞ்சல் என்று கழற்றியது, எதுவானாலும் கூடு இல்லாத விசிறி, ரேடியேட்டர் ஊடாக இழுக்காமல் பக்கத்திலுள்ள சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும். ரேடியேட்டரின் ஓரங்களில் கம்பனி வைத்த ஸ்பொஞ் பட்டிகளும் அதே காரணத்துக்காகத்தான் இருக்கின்றன. காற்று இலேசான வழியைத் தேடும்; ஓர இடைவெளியை அடைத்தால்தான் துடுப்புகளுக்குள் போகும். பெரிய விசிறி போட்டால் சரியாகும் என்று சொல்வார்கள். விசிறியின் வேகத்தை இரட்டித்தால் காற்று இரண்டு மடங்காகும், ஆனால் அதற்குத் தேவையான சக்தி 8 மடங்காகும். ஆகவே முதலில் ஓட்டைகளை அடையுங்கள். முன்னால் கட்டிய பூச்சி வலை, மேலதிக லைட், அலங்காரப் பலகை எல்லாவற்றையும் அகற்றச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தை நான் ஏற்க மாட்டேன். நோய் மறையும், எரிபொருள் செலவும் இஞ்சின் தேய்மானமும் கூடும். ரேடியேட்டர் மூடி விஷயத்திலும் விளையாட வேண்டாம். அழுத்தம் 1.1 என்று எழுதிய மூடியின் கீழ் சுத்தத் தண்ணீரே ஏறத்தாழ 120 பாகையில்தான் கொதிக்கும். சூட்டோடு திறந்தால் கொதிநீரும் ஆவியும் முகத்தில் பாயும்.

ஓட்டோவில் ரேடியேட்டர் இல்லையென்று விட்டுவிடாதீர்கள். இஞ்சினின் துடுப்புகளில் சேறு காய்ந்திருந்தால் அதுவும் இதே நோய்தான். ஹைபிரிட் கார்களில் பின் ஆசனத்துக்குப் பக்கத்தில் பெட்டரிக்குக் காற்று இழுக்கும் வாய் இருக்கும். அதன் வலை தூசியால் அடைத்தால் விலையுயர்ந்த பெட்டரியே கெடும். வலையைச் சுத்தம் செய்யலாம். செம்மஞ்சள் நிற உயர் அழுத்த வயர்களை மட்டும் பயிற்சி பெறாமல் தொடக்கூடாது.

வாடிக்கையாளரிடம் நம்பிக்கை வாங்க இன்ஃப்ராரெட் தெர்மோமீற்றர் ஒன்று வைத்திருங்கள். வேலைக்கு முன் ரேடியேட்டரில் சூடு போகும் வாய், வரும் வாய் இரண்டின் அளவையும் எழுதுங்கள். வேலை முடிந்து அதே இடத்தில் திரும்ப எடுத்துக் காட்டுங்கள். பில்லில் கூலியையும் சாமானையும் வேறாக எழுதுங்கள். ரேடியேட்டர் மாற்றாமலே சரியாக்கினால், கழுவிய கூலியைத் தயங்காமல் கேளுங்கள். அது அறிவுக்கான கூலி.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது. பழைய வண்டிகள் இன்னும் வீதியில் இருக்கின்றன, அவற்றின் கூலிங் பாகங்களும் பழையவை, ஆகவே இந்த வேலைக்குத் தேவை உண்டு. அதோடு சான்றிதழும் இருந்தால் நல்லது. கைவேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் முன்னனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் வழங்கும் முறையைப் பயன்படுத்தலாம். புதிதாக வருபவர்களுக்கு நைட்டா நிறுவனத்தின் பயிலுநர் பயிற்சியும் தொழிற் பயிற்சி அதிகார சபையின் வகுப்புகளும் உண்டு. என்.வி.கியூ. 4க்குப் பிறகு 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். வெளிநாட்டு வேலைக்கும் இந்தச் சான்றிதழைக் கேட்பதுண்டு. செய்த வேலைகளின் படங்களையும் அளவு எழுதிய கொப்பியையும் இன்றிலிருந்தே சேருங்கள், மதிப்பீட்டில் காட்ட உதவும். அடுத்த முறை வண்ணாத்திவில்லுப் பிரதேச செயலகத்துக்கு வேறு அலுவலாகப் போனாலும், தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கண்டு விண்ணப்பம் கேட்டுவிட்டு வாருங்கள்.